ஐம்பது காசு அலை

இருபது நிமிஷம் ஆகும். பச்சைத் தண்ணீரென்றால் இருபது, வெந்நீரென்றால் பத்தே போதும், ஆனால் வெந்நீரில் சில ஸ்டாம்புகள் சாயம் விட்டுவிடும், அதனால் நான் எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். எவர்சில்வர் கிண்ணத்தில் முக்கால் அளவு. உறையை முழுதாக முக்காமல் வலது மேல்மூலையை மட்டும் தண்ணீருக்குள் சாய்த்து, மிச்சத்தை அகராதியின் மேல் கிடத்தி, சரியாமல் இருக்க மேலே ஒரு ஸ்கேல். வேறு உறையாக இருந்தால் மூலையைக் கத்தரியால் வெட்டியே போட்டிருப்பேன். இது அம்மாவுடையது. வெட்டாதே என்று அவள் சொன்னதில்லை, ஊறப்போடாதே என்றும் சொன்னதில்லை, நான் கேட்கவே இல்லை என்பதுதான் சரி. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்தேன், அவள் கிரைண்டரில் உளுந்து ஓட விட்டிருந்த சத்தத்துக்குள். திருடனைப் போல இல்லை. திருடனைப் போலத்தான், பீரோக் கதவு கிறீச்சிடாமல் முழங்காலால் முட்டுக் கொடுத்துத் திறந்தவனை வேறு என்னவென்று சொல்வது. ஆனால் நல்ல காரியத்துக்கு. இன்று அப்பாவுக்கு முதல் வருஷத் தெவசம். படத்துக்குச் சந்தனம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று, படத்துக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு சின்ன ஃபிரேம் மாட்டி அதற்குள் இந்த ஸ்டாம்பை வைத்துவிட்டால் மாமா வரும்போது கண்ணில் படும். அதற்குத்தான். வேறு எதற்கும் இல்லை. மணி பத்து இருபது. பத்து நாற்பதுக்கு அது தானாகக் கழன்று மிதக்கும், இழுக்கக் கூடாது, பொறுமை இல்லாதவன் ஸ்டாம்பு சேர்க்கக் கூடாது.

மாமா பதினோரு மணி பஸ்ஸில் முசிறியிலிருந்து வருவார். தர்மலிங்கம் மாமா, அம்மாவுக்கு அண்ணன், ஒரே அண்ணன். வந்ததும் கால் கழுவிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்று, கும்பிடுவதற்கு முன்பே சொல்வார், “அலை எண்ணப் போனவரு.” அப்பா உயிரோடு இருந்தபோதும் சொல்வார், அப்பா காதில் விழும்படி, பொங்கலுக்கு வந்தால் பொங்கலுக்கு, என் காதுகுத்துக்கு வந்தபோது காதுகுத்துக்கு. “பெத்த பிள்ளை சாகக் கிடக்குது, இவரு டெல்லிக்கு அலை எண்ணப் போனாரு. நான்தானே தூக்கிட்டுப் போனேன் காவேரிக் கரைக்கு, இந்தக் கையில.” அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். கடை மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறிய கை. அதில் என் அக்கா, நான் பார்க்காத அக்கா, கலையரசி, இரண்டரை வயசு, மூளைக்காய்ச்சல், நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முந்தி. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார், சைக்கிளை எடுக்காமல். பதில் அம்மாதான். பீரோவைத் திறந்து டப்பாவைத் திறந்து உறையை மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். “பாருண்ணே. கவர்மெண்டு ஸ்டாம்பு. மாநாடுன்னு இதுலயே போட்டிருக்கு. ஊர் சுத்தவா போனாரு?” மாமா பார்ப்பார். கருநீலத்தில் மூன்று வெள்ளை வளைவுகள், ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு கலங்கரை விளக்கு, பன்னாட்டு அலை ஆய்வு மாநாடு, புதுதில்லி, ஐம்பது காசு. “போட்டிருக்கு, போட்டிருக்கு,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட உட்காருவார். இவ்வளவு பெரிய மனுஷனை இவ்வளவு சின்னக் காகிதம் உட்கார வைத்துவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் ஸ்டாம்பு சேர்க்க ஆரம்பித்தேனோ என்னவோ, இல்லை, அது பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ரியாஸ் சேர்த்ததைப் பார்த்து.

குமிழ் வருகிறது. மூலையிலிருந்து ஒன்று, அப்புறம் ஒன்று. பசை மூச்சு விடுகிறது. தாத்தா கதை சொல்லும்போது நாங்கள் “ம்” கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார், ‘ம்’ இல்லாட்டி ராஜகுமாரன் காட்டுக்குள்ளேயே நின்னுடுவான்டா, அவனுக்கு வழி நீ போடற ‘ம்’தான் என்பார், அரைத்தூக்கத்தில் நான் கொட்டிய ‘ம்’களில் எத்தனை ராஜகுமாரர்கள் கரையேறினார்களோ. அம்மாவின் கதைக்கும் நான்தான் ‘ம்’. அப்பா டெல்லிக்குப் போனார். ம். காலேஜில் லேப் அட்டெண்டர் ஆயிரம் பேர் இருந்தாலும் புரொபசர் இவரைத்தான் கூப்பிட்டார். ம். லேபில் அலை காட்டும் கண்ணாடித் தொட்டியை மூன்று பெட்டியாகப் பிரித்து வைக்கோல் சுற்றிக் கட்டினார், அந்தக் கண்ணாடியை இவரைத் தவிர யாரும் கோக்க முடியாது. ம். தந்தி கொடுக்க விலாசம் தெரியவில்லை, தெரிந்திருந்தால் பறந்து வந்திருப்பார். ம். அப்புறம் இந்த லெட்டர் வந்தது, பிள்ளையைக் கொண்டுபோன மறுநாள். ம், ம். லெட்டர் எங்கேம்மா என்று ஒரு தடவை கேட்டேன். “அது எதுக்கு, கவர்தான் இருக்கே,” என்றாள். அதற்கும் ‘ம்’ போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

“தாயு, தேங்கா துருவித் தர்றியாடா?”

“இரும்மா, ஒரு பத்து நிமிஷம்.”

“உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா. மாமா வந்து இலையில உக்காந்தப்புறம் துருவுவ.”

தண்ணீர் ஏறுகிறது. இதை நான் நினைக்கவில்லை. மூலையைத்தான் முக்கினேன், ஆனால் காகிதம் உறிஞ்சிக்கொண்டு மேலே மேலே போகிறது, ஈரத்தின் விளிம்பு ஒரு வளைவாக, பழுப்பாக, முகவரியைப் பார்த்து நகர்கிறது. திருமதி குமுதவல்லி, அடுத்த வரியில் அங்கமுத்து. அப்பாவின் கையெழுத்து, பேனா மை, நீலம். ஈரம் பட்டால் அது கரையும். எடுத்துவிடலாமா. பாதியில் எடுத்தால் ஸ்டாம்பு கிழியும். விட்டால் அம்மா பேர் கரையும். விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு விரக்கடை இருக்கிறது, ஏழு நிமிஷம் ஆகியிருக்கிறது, இன்னும் பதின்மூன்று, இந்த வேகத்தில் போனால், கணக்குப் போட வரவில்லை, அப்பா இருந்தால் சொல்லியிருப்பார். அலை நகரும்போது தண்ணீர் நகர்வதில்லை தெரியுமா என்பார். குளியலறைத் தொட்டியில் ஒரு விரலை வைப்பார், வட்டம் போகும், இன்னொரு விரலை வைப்பார், இரண்டு வட்டமும் ஒன்றையொன்று கடந்து ஒன்றும் நடக்காத மாதிரி அந்தப் பக்கம் போகும். எப்படிப்பா முட்டிக்காம போகுது? அது அப்படித்தான்டா. டெல்லியில குதுப்மினார் பாத்தியாப்பா? ரொம்பக் குளிர்டா. ரயில் எத்தனை நாள்ப்பா? ரொம்பக் குளிர். டெல்லி என்று எதைக் கேட்டாலும் குளிர்தான். கூச்ச சுபாவம், இங்கிலீஷ் தெரியாது, பெரிய ஆட்களுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், வேறு என்ன பார்த்திருக்கப் போகிறார் என்று நானே அவருக்காகச் சொல்லிக்கொள்வேன்.

இந்த ஸ்டாம்பு என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. இதை இப்போது ஏன் நினைக்கிறேன். ஆல்பத்தில், எண்பதுகளின் பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்று ரியாஸிடம் மாற்றிக்கொண்டது, சேலத்து முத்திரை. இன்னொன்று பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, நாகர்கோவில். ஃபிரேமுக்கு அதில் ஒன்றை எடுத்திருக்கலாம். இரண்டும் இதைவிடச் சுத்தம், ஓரத்துப் பல் உடையாதது. எடுக்கவில்லை. ஏன் என்றால் அது டெல்லியிலிருந்து வந்ததில்லை, இதுதான் டெல்லியிலிருந்து வந்தது. இதுதான் டெல்லியிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும். ஸ்டாம்பில் போட்டிருக்கிறது. சேலத்து ஸ்டாம்பிலும் அதேதான் போட்டிருக்கிறது. புதுதில்லி என்று அச்சடித்த ஸ்டாம்பை ஒட்டி ஒரு சேலத்துக்காரர் நாகர்கோவிலில் இருக்கும் மச்சானுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பலாம். ஸ்டாம்பு எல்லாத் தபாலாபீசிலும் விற்கும், எந்த ஊரில் போட்டார்கள் என்று சொல்வது முத்திரை, முத்திரை மட்டும்தான், இதை நான் எட்டாவது படிக்கும்போதே ரியாஸின் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காந்தி படம் ஒட்டினா காந்தி அனுப்பினதுன்னு அர்த்தமா என்று கேட்டு அவனைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எத்தனை ஆயிரம் முத்திரைகள், லென்ஸ் வைத்து, தலைகீழாக, பாதி அழிந்ததை, இந்தி எழுத்து ஒன்றை வைத்தே ஊரைக் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த உறையை எத்தனை தடவை கையில் வாங்கியிருப்பேன். ஒரு தடவைகூட முத்திரையைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லையா, பார்க்கவில்லையா.

பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. வட்டத்தில் பாதி உறைமேல் விழுந்திருக்கிறது, தேதி மட்டும் தெரிகிறது, பதினாறு. ஊர்ப் பேர் முழுக்க ஸ்டாம்பின் கருநீலத்துக்குள். கறுப்பின் மேல் கறுப்பு. ஆனால் பழைய முத்திரை மையில் எண்ணெய் உண்டு, அது வருஷக்கணக்கில் காகிதத்துக்குள் இறங்கி முதுகுப் பக்கம் மஞ்சளாக நிற்கும், உறையிலிருந்து பிரித்து, நனைந்த ஸ்டாம்பைக் கவிழ்த்துப் பிடித்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எழுத்து தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். அப்படியானால் நான் ஃபிரேமுக்காக ஊறப்போட்டேனா, இதற்காக ஊறப்போட்டேனா. ஃபிரேமுக்காகத்தான், சத்தியமாக, நேற்று கடைவீதியில் முப்பது ரூபாய்க்கு ஃபிரேம் வாங்கியிருக்கிறேனே, அதோ மேஜைமேல். ஆனால் ஃபிரேம் வாங்கும்போது எனக்குள் வேறு யாராவது சேர்ந்து வாங்கினார்களோ. பதினாறாம் தேதிதான் அக்கா போனது. அதை அம்மா சொல்லிச் சொல்லித் தெரியும், பதினாறு, விடியக்காலை. மறுநாள் லெட்டர் வந்தது. பதினாறாம் தேதி டெல்லியில் போட்டது பதினேழாம் தேதி திருச்சிக்கு எந்தச் சிறகு முளைத்து வரும். வாயெல்லாம் உளுந்து மாவு மாதிரி ஒட்டுகிறது. தாத்தாவின் கதையில் ஒருத்தன் வருவான், திரும்பிப் பார்க்காமல் நட என்று சொல்லியிருப்பார்கள், திரும்பிப் பார்த்தால் கூட வருகிறவள் கல்லாகிவிடுவாள். நான் பார்த்தால் யார் கல்லாவது. அப்பா ஏற்கெனவே படமாகிவிட்டார். மாமாதான் ஜெயிப்பார். “சொன்னேன்ல மாப்ளே” என்பார். அப்புறம் அம்மா எதை நீட்டுவாள். முப்பது வருஷமாக அவளிடம் இருப்பது இந்த ஒரு காகிதம்தான், அதை நான் தண்ணீரில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் லென்ஸ் வேறு. லென்ஸை எப்போது எடுத்து வைத்தேன்.

கிண்ணத்தை அப்படியே கொட்டிவிடலாம். வாஷ்பேசினில். கை தவறிவிட்டது என்று சொன்னால் அம்மா நம்புவாள், சின்ன வயசிலிருந்து எத்தனை டம்ளர் உடைத்திருக்கிறேன். அப்படிக் கொட்டினால் மாமாவுக்குக் காட்ட ஒன்றுமிருக்காது, எனக்கும் தெரிய ஒன்றுமிருக்காது. எழுந்தேன். உட்கார்ந்தேன். ஈரம் ‘குமுதவல்லி’யின் கடைசி எழுத்தைத் தொட்டுவிட்டது. ‘லி’ முதலில் தடித்தது, அப்புறம் அதன் சுழி திறந்துகொண்டு மேகம் மாதிரி ஆனது. போதும் போதும் என்று உறையைத் தூக்கினேன், தூக்கும்போதே மூலையிலிருந்து அது நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது, ஒரு சத்தமும் இல்லாமல், முகம் கீழே முதுகு மேலே. நான் திருப்பவில்லை. அதுவே கவிழ்ந்துதான் விழுந்தது.

மஞ்சள் பிறை ஒன்று தெரிந்தது. அதன் மேல் தேய்ந்த இங்கிலீஷ் எழுத்துகள், வலமிருந்து இடமாக. முதலில் கண்ணில் பட்டது டபிள்யூ. நியூ டெல்லியிலும் டபிள்யூ உண்டு என்று மனசு குதித்தது, ஒரு நொடி, அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து குளிரில் நடுங்குவது தெரிந்தது, புரொபசர் அவர் தோளில் கை வைப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் அது முதல் எழுத்தாக இருந்தது. உள்ளங்கையில் ஏந்தி ஜன்னல் பக்கம் போனேன். வொரையூர், இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுவார்கள். உறையூர். இங்கிருந்து ஒரு மைல். காய்கறி வாங்க அம்மா நடந்தே போய்வரும் உறையூர்.

“என்னடா கையில?”

அம்மா பின்னால் நின்றாள். கிரைண்டர் எப்போது நின்றதோ. முழங்கை வரை மாவு.

“ஸ்டாம்பும்மா. படத்துக்குக் கீழ ஃபிரேம் போடலாம்னு...”

அவள் என் உள்ளங்கையைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளால் பஸ் போர்டுகூடப் படிக்க முடியாது.

“உறையூருன்னு இருக்கா?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“வந்த அன்னிக்கே பாத்தேன். அப்ப மை புதுசு, வெளிச்சத்துல சாச்சா மினுமினுன்னு தெரிஞ்சுது. உள்ள எழுதியிருந்தாரு, மாநாடு நல்லா நடக்குது, இங்க குளிர் ரொம்ப அதிகம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருச்சான்னு.” மாவுக் கையைத் தூக்கியே பிடித்திருந்தாள், புடவையில் படாமல். “உறையூர்ல என்னடா குளிரு.”

“அப்ப டெல்லிக்குப் போகவே இல்லையா?”

“காலேஜ்ல பிள்ளைக்கு முடியலன்னு லீவு போட்டிருக்காரு. வீட்ல காலேஜ் வேலைன்னு கிளம்பினாரு. டாக்டருங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்கன்னாங்கல்ல, அன்னிக்கு ராத்திரியிலேருந்து புள்ள மொனகிக்கிட்டே இருக்கும். அதை அவரால கேக்க முடியல. காதைப் பொத்திக்கிட்டு கொல்லையில நிப்பாரு. மறுநாள் பெட்டியை எடுத்துட்டாரு.”

“நீ போய்க் கேக்கலையா?”

“போனேன். லெட்டர் வந்த மறுநாளே போனேன். சிநேகிதக்காரர் ஒருத்தர் தறி போட்டிருந்தாரு, அந்த மாடியிலதான் இருப்பாருன்னு எனக்குத் தெரியாதா. ஜன்னல்ல உக்காந்திருந்தாரு. தாடியோட. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன்.”

“கூப்பிடலையா?”

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு. வந்திருந்தா நான் அன்னிக்கு என்ன பேசியிருப்பேனோ. பேசியிருந்தா அப்புறம் நீ ஏது. திரும்பி வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு டெல்லியிலேருந்து வந்தாரு, நான் வென்னி போட்டுக் குடுத்தேன்.”

அப்பாவுக்குத் தெரியுமா, அம்மாவுக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியுமா, ரொம்பக் குளிர் ரொம்பக் குளிர் என்று அவர் சொன்னபோதெல்லாம் சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி கேட்டதா, இல்லை அதை இப்போது நான் சேர்த்துக்கொள்கிறேனா. மாமா தூக்கிக் காட்டும் கை. அந்தக் கைக்கு என்ன பதில். பெற்றவர் ஒரு மைலில் இருந்தார் என்று தெரியாமலே முப்பது வருஷமாகத் தூக்கிக் காட்டுகிறாரே, பாதி உண்மைக்கே இவ்வளவு காய்ப்பு. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் எங்கோ வழியில் நின்றுவிட்டது. இரண்டு வட்டம் ஒன்றையொன்று கடந்து போகிறது. முட்டிக்கொள்ளாமல் எப்படிப் போகிறது.

“மாமா வந்துருவாரு. எடுத்து ஒட்டு,” என்றாள் அம்மா.

“பசை தண்ணியோட போயிருச்சும்மா. கோந்தும் தீந்துபோச்சு.”

அவள் உள்ளே போனாள். கை கழுவும் சத்தம். திரும்பி வந்தபோது விரல்நுனியில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை, ஆவி அடங்காமல். படையலுக்கு வடித்த சோறு. அப்பாவுக்குப் படைக்கும் வரை அதைத் தொடக் கூடாது, காலையில் நான் மூடியைத் திறந்து பார்த்ததற்கே திட்டினாள்.

“அம்மா, படையல் சோறு...”

“அவருக்கு வடிச்சதுதானே. அவருக்குத்தான் ஆகுது.”

பருக்கையைக் கட்டைவிரலால் நசுக்கி உறையின் மூலையில் தேய்த்தாள். ஸ்டாம்பை என் உள்ளங்கையிலிருந்து எடுத்து, பழைய இடத்தில், வட்டத்தின் இந்தப் பாதி அந்தப் பாதியோடு சேரும்படி நான் நகர்த்த நகர்த்த, அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரைந்த ‘லி’யைப் பார்த்தாள். “போகட்டும். மிச்சம் இருக்குல்ல,” என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம். குழாய்த் தண்ணீர். “என்ன மாப்ளே, தேங்கா நாரெல்லாம் அப்படியே கிடக்கு, மாமன் வந்துதான் உரிக்கணுமா?” என்று கேட்டுக்கொண்டே மாமா படத்துக்கு முன்னால் போய் நின்றார். சட்டையெல்லாம் பஸ் கசங்கல். கையை உயர்த்தினார், கும்பிடுவதற்கா, காட்டுவதற்கா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்ததோ என்னவோ.

“அலை எண்ணப் போனவரு,” என்றார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் கம்மியாக.

அம்மா உறையை நீட்டினாள். “பாருண்ணே. ஸ்டாம்புலயே போட்டிருக்கு.”

“போட்டிருக்கு, போட்டிருக்கு. ஏன் குமுதா, ஈரமா இருக்கு?”

“படத்துக்குத் தண்ணி தெளிச்சேன், பட்டுருச்சு.”

மாமா உறையைக் கையில் வாங்கினார். இதுவரை வாங்கியதே இல்லை. கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், அந்தக் காய்த்த பெருவிரல் ஸ்டாம்பின் மேல் போய் நின்றது, கொஞ்சம் அசைத்தாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். “டெல்லிதானே மாப்ளே இது? நீதான் இதெல்லாம் படிச்சவன்,” என்றார், என்னைப் பார்த்து. அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த கையையே மறுபடியும் மறுபடியும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் மாதிரி.

“ம்,” என்றேன்.